கிளாஸ்டன்பரி ஃபேர் மூன்று தட்டு செட்: 150 பவுண்டு கொடுக்கலாமா?

மழைத்தவளை:

எல்லோருக்கும் வணக்கம். நான் இசைத்தட்டுப் பக்கம் வந்தது சமீபத்தில்தான், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருப்பது பிரிஸ்டலில். ஆபீஸில் ஓய்வு பெறப்போகும் ஒருவர் வீட்டுப் பரணைக் காலி செய்கிறார். அதில் 'கிளாஸ்டன்பரி ஃபேர்' என்ற மூன்று தட்டு செட் ஒன்று இருக்கிறது. 1972, ரெவலேஷன் என்ற கம்பெனி. அந்தப் பெயரில் வேறு எந்தத் தட்டும் என் கண்ணில் பட்டதில்லை. 150 பவுண்டு சொல்கிறார். கைக்குக் கை, ரசீது கிசீது எதுவும் கிடையாது.

நிலவரம் இது: வெளியே இருக்கும் அச்சிட்ட பிளாஸ்டிக் பை ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. விரிக்கும் உறை நன்றாகவே இருக்கிறது, மடிப்புகளில் மட்டும் வெளுப்பு. உள்ளே சிறு புத்தகம் இருக்கிறது. வெட்டி ஒட்டும் பிரமிடு அட்டை இல்லை. அவருடைய தங்கை அந்தக் காலத்திலேயே வெட்டி ஒட்டி விளையாடிவிட்டாராம்.

1971இல் கிளாஸ்டன்பரி இசை விழாவில் பாடகர் டேவிட் பௌவி விடியற்காலையில் பாடியது இதில் இருக்கிறது என்கிறார் மனிதர். நான் மயங்கியது அந்த ஒரு வார்த்தையில்தான். அது உண்மையா? முழுக்க நேரடிப் பதிவா? அப்புறம், அவரிடம் பிளேயர் இல்லை, ஓட்டிப் பார்க்க முடியாது. கண்ணால் பார்த்தே தட்டின் நிலையைக் கணிக்க முடியுமா? இந்த மாதிரி சைக்கடெலிக் ராக் வகையில் நான் கேட்டதெல்லாம் பிங்க் ஃபிளாய்ட் குழு மட்டும்.

கொட்டடிப் பெடியன்:

பௌவி அங்கை பாடினது உண்மை. அந்தப் பாட்டு இதிலை இருக்கு எண்டது பொய். காசை எடுக்கவேண்டாம், பொறுங்கோ. ஊசி அண்ணை இரவு வேலை முடிஞ்சு வருவார். அவரிட்டை இந்த செட் இருக்கு.

பழைய ஊசி:

வந்துவிட்டேன். டீ போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், நீளமாகத்தான் போகும்.

முதலில் பௌவி. 1971 ஜூன் 22 ராத்திரி மேடையேற வேண்டியவர். நிகழ்ச்சி இழுத்துக்கொண்டே போய், 23 விடியற்காலையில்தான் ஏறினார். தூங்கிக் கிடந்த கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து கேட்டது. கதை அதுவரைக்கும் சரி. ஆனால் இந்தத் தட்டில் இருக்கும் 'தி சூப்பர்மென்' அந்த விடியலில் பாடியது இல்லை. அதே வருடம் நவம்பரில், 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' ஆல்பத்துக்கான பதிவுகள் நடந்தபோது, லண்டன் ஸ்டுடியோவில் புதிதாகப் பாடிக் கொடுத்தது. 'ஹங்கி டோரி' ஆல்பத்தின் 1990 சிடி மறுவெளியீட்டில் கடைசியில் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். பௌவிக்காக மட்டும் என்றால் ஒரு பழைய சிடி போதும், 150 பவுண்டு வேண்டாம்.

இப்போது 'முழுக்க நேரடிப் பதிவா' என்ற கேள்வி. உறையில் கிளாஸ்டன்பரி என்று இருப்பதால் எல்லாம் அந்தப் பண்ணையில் பதிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். விஷயம் வேறு.

1970 செப்டம்பரில் சாமர்செட் மாவட்டம் பில்டன் கிராமத்தில், வொர்தி ஃபார்ம் என்ற பால் பண்ணையில் மைக்கேல் ஈவிஸ் முதல் விழாவை நடத்தினார். டிக்கெட் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம், வந்தது சுமார் 1,500 பேர். வந்து பாடியவர்களில் பெரிய பெயர் பாடகர் மார்க் போலன். அவருக்குப் பேசிய தொகையைப் பால் வருமானத்திலிருந்து தவணையில் கட்டியதாக ஈவிஸ் பல பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். மறுவருடம் ஆண்ட்ரூ கெர் என்பவரும், வின்ஸ்டன் சர்ச்சிலின் பேத்தி அரபெல்லா சர்ச்சிலும் வந்து அதே பண்ணையில் வேறு மாதிரி ஒரு விழாவை எடுத்தார்கள். வருடத்திலேயே பகல் மிக நீண்டிருக்கும் கோடை நாளை ஒட்டி ஜூன் 20 முதல் 24 வரை. நுழைவுக் கட்டணமே கிடையாது. ஏறத்தாழ 12,000 பேர். பில் ஹார்க்கின் வடிவமைத்த முதல் பிரமிடு மேடை அப்போது எழுந்ததுதான்: சாரக் குழாய், கம்பி வலைத் தகடு, பிளாஸ்டிக் ஷீட். எகிப்துப் பெரிய பிரமிடில் பத்தில் ஒரு பங்கு அளவு. இடத்தைக்கூடக் குச்சி பிடித்து நீரோட்டம் பார்த்துத்தான் குறித்தார்கள். நம்மூரில் கிணறு வெட்டத் தேங்காய் வைத்துப் பார்ப்பவர்களைக் கேலி செய்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

இலவசமாக நடத்தினால் செலவை யார் தருவது? கடன் நின்றது. அதை அடைக்கத்தான் இந்தத் தட்டு. இசைக்குழுக்களிடம் 'ஏதாவது ஒரு டேப் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். கல்யாண மொய் மாதிரி, அவரவர் கையில் இருந்ததைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பௌவி ஸ்டுடியோப் பாட்டு. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் வீட்டில் தனியாகப் பதிந்த ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு. போலன் 'சங்கன் ராக்ஸ்' என்ற பாட்டை வெறும் கிட்டாரோடு பாடிக் கொடுத்தார். அமெரிக்கக் குழுவான கிரேட்ஃபுல் டெட் அந்தப் பண்ணையில் வாசிக்கவே இல்லை. அவர்கள் கொடுத்தது 1972 ஏப்ரல் 8 அன்று லண்டன் வெம்ப்ளி எம்பயர் பூல் அரங்கில் வாசித்த 'டார்க் ஸ்டார்'. ஹாக்விண்ட் குழு கொடுத்தது 1972 பிப்ரவரி 13 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் நடந்த கச்சேரியில் பாடிய 'சில்வர் மெஷீன்'.

ஆக, விழாவின் ஆவணம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். அந்த விழாவைப் பற்றிய படத்தில் வரும் டிராஃபிக், ஃபேமிலி, டெரி ரீட், மெலனி, ஃபேர்போர்ட் கன்வென்ஷன் யாருமே தட்டில் இல்லை. விழாவைப் பார்க்க வேண்டுமென்றால் நிக்கலஸ் ரோக்கும் பீட்டர் நீலும் எடுத்த படத்தைப் பாருங்கள். இது வேறு சாமான்.

ஆனால் நான் இதை விற்கமாட்டேன். காரணம் மூன்று நீளமான துண்டுகள்.

ஒன்று, 'டார்க் ஸ்டார்'. தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுதான், 24 நிமிடத்தை ஒட்டி. அன்றைக்கு வாசித்தது இதைவிட நீளம். பிறகு நிறுத்தாமல் 'சுகர் மக்னோலியா'வுக்குள் போய், அங்கிருந்து 'காஷன்' என்று ஓடியிருக்கிறார்கள். முழுசும் பிற்பாடு சிடியில் வந்துவிட்டது. இருந்தாலும் 1972இல் ஐரோப்பாவில் ஒரு பையன் கையில் இந்த வடிவம்தான் முதலில் போய்ச் சேர்ந்தது, அவர்களுடைய 'யூரப் '72' ஆல்பமே அதற்குப் பிறகு, அந்த வருடக் கடைசியில்தான். இதே பாட்டின் 1969 'லைவ்/டெட்' ஆல்ப வடிவத்தில் இரண்டு டிரம்மர்கள். இதில் பில் க்ரூட்ஸ்மன் ஒருவர்தான், மிக்கி ஹார்ட் அப்போது குழுவில் இல்லை. டிரம் பக்கம் இளைத்ததால் மற்றவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கீத் காட்ஷோ பியானோவில் இரண்டு மூன்று சுரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார், ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் அதை எடுத்துக்கொண்டு போகும், பாஸ் வாசிக்கும் ஃபில் லெஷ் இருவரையும் வேறு பக்கம் இழுப்பார். யாரும் தாளத்தை உரக்கச் சொல்லமாட்டார்கள், ஆனால் தாளம் எங்கேயோ ஓடிக்கொண்டே இருக்கும். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இதில் கஷ்டமே இல்லை, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

இரண்டு, மைட்டி பேபி. இது நிஜமாகவே வொர்தி ஃபார்மில் பதிந்தது. 'எ பிளாங்கெட் இன் மை மியூஸ்லி', கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். 'தி ஆக்‌ஷன்' என்ற, அறுபதுகளின் 'மாட்' இளைஞர் மோஸ்தர் காலத்துக் குழு உருமாறி வந்தவர்கள் இவர்கள். கொஞ்ச நாளில் குழுவில் பெரும்பாலோர் சூஃபி வழியில் போய்விட்டார்கள். கிட்டார்காரர் மார்ட்டின் ஸ்டோன் பின்னாளில் அரிய புத்தகங்களைத் தேடிப் பிடித்து விற்பதில் பெயர் எடுத்தார், பழைய புத்தக உலகத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் மூன்று தட்டிலும் உயர்ந்த பதிவு இதுதான். ஒருவர்கூட முந்திக்கொள்ளமாட்டார். மெதுவாகத் தொடங்கி, கிட்டார்காரர் ஒரே ஒரு சின்னச் சொற்கட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் கடைசி சுரத்தைக் கொஞ்சம் தள்ளி விழவைப்பார். சத்தம் ஏறியதே தெரியாது, திடீரென்று பார்த்தால் கூடம் நிறைந்திருக்கும்.

மூன்று, காங் என்ற குழு. அதன் தலைவர் டேவிட் ஆலன் ஆஸ்திரேலியக்காரர், சாஃப்ட் மெஷீன் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், விசா பிரச்சினையில் பிரான்ஸிலேயே தங்கிவிட்டவர். கில்லி ஸ்மித் மைக்கில் பாடமாட்டார், மூச்சு விடுவார். டிடியே மலேர்ப் சாக்ஸஃபோன். டிரம்ஸில் பிப் பைல். முதல் ஐந்து நிமிடம் 'என்னடா கூத்து' என்றிருக்கும், அதைத் தாண்டுங்கள்.

'சில்வர் மெஷீன்' பற்றி ஒரு தகவல், ஹாக்விண்ட் பிரியர்களுக்கு இது முக்கியம். ரவுண்ட்ஹவுஸில் அன்று பாடியவர் ராபர்ட் கால்வர்ட். அதே பதிவின் மேல் பின்பு ஸ்டுடியோவில் குழுவில் பாஸ் வாசித்த லெமியின் குரலை ஏற்றித் தனிப்பாட்டுத் தட்டாக விட்டார்கள், இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. அந்தப் பணத்தில்தான் 'ஸ்பேஸ் ரிச்சுவல்' சுற்றுப்பயணமே நடந்தது. கிளாஸ்டன்பரி தட்டில் இருப்பது லெமி ஏறுவதற்கு முந்தைய கால்வர்ட் குரல். உலகத்துக்கே தெரிந்த பாட்டை வேறு ஆள் வாயில் கேட்கும்போது ஒரு மாதிரி இருக்கும், எனக்குப் பிடித்திருக்கிறது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் நாடெங்கும் கரண்ட் போய்க்கொண்டிருந்த மாதம் அது, அந்தக் கச்சேரியும் நடுவில் இருட்டில் நின்றது. அந்த ராத்திரியின் மற்ற பகுதிகள் 'கிரீஸி ட்ரக்கர்ஸ் பார்ட்டி' என்ற இரட்டைத் தட்டில் இருக்கின்றன. அது பெரிய கம்பெனி வெளியீடு, சுலபமாகக் கிடைக்கும்.

தட்டில் இருக்கும் மற்றக் குழுக்களில் பிங்க் ஃபேரிஸ், எட்கர் பிராட்டன் இரண்டும் சத்தம். சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. ஸ்கின் ஆலி, பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி கண்ணால் பார்ப்பது. முடியும். தட்டை விளக்குக்கு நேராகப் பிடிக்காதீர்கள், ஒளி பக்கவாட்டில் விழுகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள். போன் டார்ச் போதும். மேலோட்டமான மயிரிழைக் கீறல் பெரும்பாலும் காதில் விழாது. நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படுகிற கீறல் 'டக் டக்' என்று கேட்கும். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கோடு கோடாகத் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். இருட்டில் ஓட்டையைத் தேடித் தேடிப் போட்டவர் வீட்டுத் தட்டு அப்படித்தான் இருக்கும், நிறைய ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

முக்கியமாக 'டார்க் ஸ்டார்' பக்கத்தின் கடைசி ஒரு அங்குலம். ஒரு பக்கத்தில் 24 நிமிடத்தை அடைக்க வேண்டுமென்றால் பள்ளங்களை நெருக்கிச் சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். சத்தம் குறைவு என்பதால் தூசியின் கரகரப்பு மேலே தெரியும். அதோடு தட்டின் உள்வட்டத்துக்கு வரும்போது ஊசிக்குக் கீழே ஓடும் வேகம் குறைந்து, அதே ஓசையைக் குறுகிய தூரத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. தேய்ந்த ஊசியை வைத்து ஓட்டியிருந்தால் முதலில் நாசமாவது அந்த இடம்தான். அங்கே கறுப்பு பளபளக்காமல் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

பேப்பர் பித்தன்:

ஊசி அண்ணனின் காதுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசமாட்டேன். ஆனால் இந்த செட்டைக் காதால் மட்டும் எடை போடுவது அநியாயம்.

இதை வடிவமைத்தவர் பார்னி பபிள்ஸ். ஹாக்விண்டின் 'இன் சர்ச் ஆஃப் ஸ்பேஸ்' உறையை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவும் அவர்தான். பின்னால் ஸ்டிஃப் ரெகார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு வேலை செய்தவரும் அவரே. 1983இல் இறந்துபோனார். பல வேலைகளில் தன் பெயரையே போடமாட்டார், அதனால் ரொம்ப நாள் அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நான் பேக்கேஜிங் டிசைனில் வேலை செய்கிறேன். ஒரு தட்டுக்கு இப்படி அச்சிட்ட பை, பல மடிப்பு உறை, புத்தகம், வெட்டும் அட்டை என்று கேட்டால் எங்கள் ஆபீஸில் சிரித்துவிட்டுக் கதவைக் காட்டுவார்கள். கடனை அடைக்க வெளியிட்ட தட்டுக்கு இவ்வளவு செலவு செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே மரியாதையும் வருகிறது. அந்த அட்டைப் பிரமிடு சும்மா அலங்காரம் இல்லை. வாங்கினவர் வீட்டு மேசையில் அந்த மேடையையே கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் யோசனை. பாட்டுகள் பாதிக்கு மேல் பண்ணையில் பதியாமல் போனாலும், விழாவை வீட்டுக்குள் கொண்டுவரும் வேலையைக் காகிதம் செய்துவிட்டது.

ஆகவே பிரமிடு இல்லாத செட்டுக்கு 150 என்பது எனக்கு உறுத்துகிறது. வெட்டி ஒட்டி விளையாடிய தங்கையிடம் எனக்குக் கோபம் இல்லை. வெட்டத்தானே அச்சடித்தார்கள்! ஆனால் சேகரிப்பவன் கணக்கு வேறு.

மழைத்தவளை:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று அவர் வீட்டுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். மனிதருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும், ஒன்றும் சொல்லாமல் பிஸ்கட் தட்டை நீட்டினார். லேபிளில் கோடு குறைவு. நகத்தில் தட்டுப்படுகிற கீறல் ஒன்று இருக்கிறது, ஆனால் அது பிங்க் ஃபேரிஸ் பக்கத்தில். 'டார்க் ஸ்டார்' கடைசி வரை பளபளப்பாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் முடிவு வரை கேட்கவில்லையோ என்னவோ.

பௌவி விஷயத்தை அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. 'நான் அங்கே இருந்தேன்' என்கிறார். அங்கே இருந்ததற்கும் தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்வது? விட்டுவிட்டேன்.

படத்தையும் பார்த்தேன். நடுவில் நம்மூர் ஜாடையில் ஒரு சிறுவன் மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்து பேசுகிறானே, யார் அது? பிறகு சிவன், கிருஷ்ணன் என்று ஒரு குழு பாடுகிறது. சைக்கடெலிக் என்றால் அப்போது இந்தியாதானா?

கொட்டடிப் பெடியன்:

சிறுவன் குரு மகராஜ் ஜி, பிறகு பிரேம் ராவத் எண்டு அறியப்பட்டவர். அப்ப அவருக்கு 13 வயது. வட இந்தியாவிலை இருந்து வந்த கையோடை அவரைக் கொண்டுபோய் மேடையிலை ஏத்திப்போட்டாங்கள்.

பாடின குழு குவின்டெசன்ஸ், லண்டன் நாட்டிங் ஹில் ஆக்கள். புல்லாங்குழல் ஊதுறவர் ராஜா ராம் எண்டு பேர், பிறந்தது ஆஸ்திரேலியா. பேரைப் பாத்து ஏமாறவேண்டாம். ஆனால் ஆளை லேசிலை தள்ளிவிட ஏலாது. 1994இலை டிப் ரெகார்ட்ஸ் எண்ட சுயாதீனக் கம்பெனியைத் தொடங்கினவர்களிலை ஒருத்தர் இவர்தான். கோவா கடற்கரை டிரான்ஸ் எண்ட மின்னணு ஆட்ட இசையை லண்டனிலை இருந்து உலகமெல்லாம் அனுப்பினதிலை பெரிய பங்கு அவையளுக்கு இருக்கு. ஷ்பாங்கிள் எண்ட இரட்டையரிலையும் ஒருத்தர். எங்கடை கோயிலிலை நாயனம் கேட்டு வளர்ந்த எனக்குக் குவின்டெசன்ஸ் பஜனை தண்ணி கலந்த பால்தான், அந்தப் புல்லாங்குழலை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டன்.

பழைய ஊசி:

பெடியன் சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம். 'இந்தியாதானா' என்று கேட்டீர்கள். அவர்களுக்கு ஒரு கதவு தேவைப்பட்டது, கைக்கெட்டிய கதவு இந்தியா. சிலர் எகிப்துக் கதவைத் தட்டினார்கள், அதனால்தான் பிரமிடு. மைட்டி பேபிக்காரர்கள் சூஃபி வழிக்கு. யார் உள்ளே போனார்கள், யார் வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள் என்பதை வாசிப்பில் கேட்கலாம். இந்தத் தட்டில் ஒரு சித்தார் சத்தம்கூடத் தேவைப்படாமல் 'பிளாங்கெட்' கால் மணி நேரம் ஓடுகிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

பித்தன் சொன்ன விலைக் கணக்கு நியாயம். கிழிந்த பை, பிரமிடு இல்லை, ஒரு பக்கத்தில் கீறல்: 110 கேளுங்கள், 120க்கு முடியும். அதற்கு மேல் போனால் எழுந்து வாருங்கள். மனிதர் நல்லவர் போலத் தெரிகிறது, பௌவி சண்டையைக் கிளப்பாமல் பேசுங்கள். அந்த விடியலில் அவர் இருந்திருக்கிறார் என்றால் அதை உட்காரவைத்துக் கேட்டுப் போனில் பதிந்துகொள்ளுங்கள், அது எந்தத் தட்டிலும் இல்லை.

வாங்கினால்: துடைக்கச் சாதாரணத் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரும் (டிஸ்டில்டு வாட்டர்) மென்மையான துணியும் போதும், லேபிளில் ஈரம் படக்கூடாது. பிளாஸ்டிக் பைக்குள் தட்டுகளை வைக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் வினைலோடு ஒட்டிக்கொண்டு மேலே மங்கலான திட்டு விடும். பையைத் தனியாகத் தட்டையாக வையுங்கள், கிழிசலில் செல்லோடேப் ஒட்டிவிடாதீர்கள், பித்தன் அழுதுவிடுவார். தட்டுகளுக்குப் புது உள்ளுறை வாங்குங்கள். நிறுத்தி வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைக்க வேண்டாம்.

முதலில் போட வேண்டியது மைட்டி பேபி. ஃபிளாய்ட் கேட்டவருக்கு அங்கிருந்து இறங்குவது சுலபம். காங்கை வீட்டில் ஆள் இல்லாதபோது போடுங்கள்.

மழைத்தவளை:

115க்கு முடிந்தது. தங்கையிடம் விசாரித்தாராம், அந்த ஒட்டின பிரமிடு அவர் வீட்டில் இன்னும் இருக்கலாம் என்கிறார். தேடிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பேப்பர் பித்தன்:

கிடைத்தால் படம் போடுங்கள். ஒட்டியதைப் பிரிக்க முயற்சி செய்யவேண்டாம், அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.